அழித்த டிஸ்கில் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருத்தங்கலில் பதினாறு வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கோளாறு என்றால் ஒன்று மெஷினில் இருக்கும், இல்லையென்றால் ஆளிடம் இருக்கும், மூன்றாவது கிடையாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன். சொல்லத் தயங்குவது பயத்தால் இல்லை, வெட்கத்தால்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், விஸ்வநத்தத்திலிருந்து முத்துமாரி என்கிற பெண் வந்தாள். பட்டாசு ஆலையில் திரி வைக்கிற வேலை. கணவர் பைக் விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள்.

"புள்ள ஒம்பதாப்பு படிக்கா அண்ணாச்சி. இது தொறக்கவே அரை மணி நேரம் ஆகுது."

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழைய மெஷினும் நன்றாக ஓடும் என்றேன்.

"என்னமும் போடுங்க. ஆனா அவுக பேசுனது மட்டும் போயிரக் கூடாது."

விஷயம் இதுதான். கணவர் இருந்த காலத்தில், விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும், இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மகள் எழுந்ததும் கேட்கட்டும் என்று அவர் தினமும் லேப்டாப்பில் பேசிப் பதிந்துவிட்டுப் போவாராம். சோறு எங்கே இருக்கிறது, கதவை எப்படிப் பூட்ட வேண்டும், இவ்வளவுதான் பேச்சு. இப்போதும் அந்தப் பிள்ளை அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறதாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டெஸ்க்டாப்பில் 'அப்பா' என்று இருந்த போல்டரை பென் டிரைவில் போட்டேன், நொடியில் முடிந்தது. அது போல்டரே இல்லை, அதற்கு வழிகாட்டுகிற வெறும் ஷார்ட்கட். இதே தப்பைச் செய்தவர்களை நானே கேலி செய்திருக்கிறேன். சீசன் அவசரத்தில் திறந்துகூடப் பார்க்காமல், டிஸ்க் முழுவதையும் அழிக்கச் சொல்லி லினக்ஸை ஏற்றிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது. அழிந்ததை மீட்கிற மென்பொருளை எல்லாம் ஓட்டிப் பார்த்தும் ஒரு துண்டுகூடத் தேறவில்லை. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். என் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் முத்துமாரி வந்ததும், "டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததும்மா, ஒண்ணும் எடுக்க முடியல" என்று கூசாமல் சொன்னேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நம்பினால் நம்புங்கள், அதிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "எந்திரி தாயி. சோறு தூக்குவாளியில இருக்கு."

பிடுங்கிப் பார்த்தேன். பாட்டுக் கேட்கிற செயலி எதுவும் திறந்திருக்கவில்லை, இன்டர்நெட் இணைப்பே நான் கொடுக்கவில்லை, எல்லா போல்டரும் காலி. குரல் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

"இந்தா இருக்குல்ல! எடுத்து வச்சிக்கிட்டே வெளையாடுனீகளா அண்ணாச்சி?" என்று கண் கலங்க என்னைக் கும்பிட்டாள். நானும் தலையாட்டினேன். வெட்கங்கெட்டுப்போய்த் தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் கடைக்கு வந்தாள். காலையில் அது தானாகவே பேசுகிறதாம்.

"நேத்து புதுசா ஒண்ணு சொன்னாக அண்ணாச்சி. 'கடைக்காரரை ஒண்ணும் கேட்டுறாதீக, பாவம், ஷார்ட்கட்டை மட்டும் எடுத்துட்டாரு'ன்னாக. அப்படின்னா என்னது?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தெரியலையேம்மா" என்றேன்.

அவள் முகத்தில் கோபமே இல்லை. "தெரியலன்னுதான் சொல்லுவீகன்னும் சொன்னாக" என்றாள்.

விஸ்வநத்தத்தில் வேலை வந்தால் இன்றும் நான் காலையில் போவதில்லை. அந்த நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார்.