கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் உருகிய ஐஸ்

இலங்கையில் போர் முடிவதற்கு முந்தைய ஆண்டு, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் நடந்தது இது.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததை அம்மா கொழுந்து மலை முழுக்கச் சொல்லியிருந்தார். ஒளியைக் கொண்டு டெங்குவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தோம். தங்கம் பூசிய சிறு கண்ணாடியில் வைரசைப் பிடிக்கும் புரதம் ஒட்டியிருக்கும். நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது புரதத்தில் போய் மாட்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிவப்பு ஒளி சற்று விலகும். நாட்கணக்கில் காத்திருந்து பெறும் முடிவு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதை முதன்முதலாக ஓர் ஆஸ்பத்திரியில் பரீட்சித்துப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

ஆட்டோவில் கருவி என் மடியில் இருந்தது. கண்ணாடிகள் ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப் பெட்டியில். சாவடியில் சிப்பாய்கள் ஆட்டோவை மறித்தார்கள். தமிழ்ப் பெயர், தோட்டத்து முகவரி, வயர், பற்றரி, லேசர். சந்தேகப்பட இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

பெண்ணின் பையைப் பெண் பொலிஸ்தான் திறக்க வேண்டுமாம். அன்று அங்கே பெண் பொலிஸ் இல்லை. ஆகவே திறக்கவும் மாட்டார்கள், போகவும் விடமாட்டார்கள். நானே திறந்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று, வெடித்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டடி தள்ளி நின்றார்கள். வெயில் ஏறியது. பெட்டியின் மூலையால் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சூடு பட்டால் புரதம் கெட்டுவிடும்; மாதக்கணக்கான உழைப்பு வெறும் கண்ணாடியாகிவிடும். நான் ஒளி, கோணம், புரதம் என்று சிங்களத்தில் வகுப்பே எடுத்தேன்.

ஆட்டோக்காரர் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் ஒருவர். மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க படிச்சதச் சொல்லச் சொல்ல அவங்களுக்குப் பயம் கூடுது. கொஞ்சம் பேசாம இரிங்களேன்."

மணல் மூட்டையில் இளம் சிப்பாய் ஒருவர் சாய்ந்திருந்தார். சில நாளாகக் காய்ச்சலாம், கண்கள் சிவந்திருந்தன. சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன்ட் அவரைக் காட்டி, காய்ச்சல் பார்க்கிற மெஷின் என்றால் இவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ என்றார். இங்கே முடியாது, குளிர் அறை வேண்டும், இருட்டு வேண்டும், இரத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றேன்.

"அப்ப இது எதுக்கு நங்கி?" தங்கச்சி என்பதைத்தான் சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கடைசியில் சார்ஜன்டே ஒரு வழி கண்டார். அந்தச் சிப்பாயை எங்கள் ஆட்டோவிலேயே ஏற்றிவிட்டார். பெட்டிக்குக் காவலும் ஆயிற்று, சிப்பாய்க்கு ஆஸ்பத்திரியும் ஆயிற்று. எல்லாரும் தொடப் பயந்த பெட்டியை, குளிர்ச்சியாக இருக்கிறதென்று அவர் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் எந்த இரத்தத்துக்கும் என் ஒளி அசையவில்லை. கண்ணாடிகள் எல்லாம் கெட்டுப்போயிருந்தன. டாக்டர் பார்த்தவுடனேயே சிப்பாயை வார்டில் சேர்த்தார். வார்டுக்குப் போகும்போது சிப்பாய், லைட் என்ன சொல்லிச்சு என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். டெங்கு என்ற முடிவு வழக்கம்போல நாட்கள் கழித்தே வந்தது. நல்ல வேளை, அவர் பிழைத்துக்கொண்டார்.

என்னை அங்கே நிறுத்தி வைத்ததை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் குளிர் அறையில் அருமையாக வேலை செய்கிறது என்று யாராவது ஒரு கருவியைக் காட்டினால், அதைக் கொண்டுபோய் வெயிலில் ஒரு காய்ச்சல்காரர் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.