உடையாத சிதறுதேங்காய்

பெயர்கள் மறந்து போகின்றன என்ற பயத்தில், போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் போனேன். என் பேத்தி வயதுப் பிள்ளை. பிடி வைத்த ஒரு சின்னக் கருவியைக் கையில் தந்து, "இறுக்கிப் பிடியுங்கோ அங்கிள்" என்றாள். வலக்கையால் மூன்று தரம், இடக்கையால் மூன்று தரம்.

"நான் மறதிக்கல்லோ வந்தனான் பிள்ளை? கையில என்ன இருக்கு?"

"வயசு போகேக்க கைப்பிடி தளருறதும் ஞாபகம் தளருறதும் கனபேருக்குச் சேர்ந்து வரும் அங்கிள். எதால எது வருதெண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனா பிடி விட்டுப் போனா, தலையையும் ஒருக்காப் பார்க்கிறது நல்லது."

எனக்குத் திக்கென்றது. என் கையை நினைத்தல்ல. பெரியப்பாவின் கையை நினைத்து.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் பெரியப்பா குடும்பத்தோடு காலி வீதியோரம் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடிவேல் திருவிழாவில் முருகனின் ரதம் எங்கள் வாசலுக்கு வரும்போது சிதறுதேங்காய் அடிப்பவர் அவர்தான். ஒரே அடி. தெறித்த துண்டுகளை எண்ணுவது நானாக எடுத்துக்கொண்ட வேலை. இருபதுக்குக் குறைந்ததில்லை, மற்றப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடியவை அந்தக் கணக்கில் இல்லை.

அந்த வருஷம் வத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ரதம் பார்ப்பது சாட்டு. பெரியப்பாவின் மகளான அக்காவைப் பார்ப்பதுதான் காரியம்.

ரதம் வந்து நின்றது. பெரியப்பா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். அவர் அடிக்குமுன்பே அது விரல்களை விட்டு நழுவி முதுகுப் பக்கம் விழுந்து, உருண்டு, மாப்பிள்ளையின் தாயாரின் காலடியில் போய் நின்றது. கீறல்கூட இல்லை. அந்த அம்மா நெருப்பை மிதித்தவர்போல் காலை இழுத்துக்கொண்டார்.

அப்பா பாய்ந்து போய் அதை எடுத்து அடித்தார். உடைந்தது. நான் எண்ணவில்லை.

"என்ன அண்ணை, காலமை சாப்பிடேல்லையோ?" என்று அப்பா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பினார்கள்.

அதற்குப் பிறகு வீடு செத்த வீடுபோல் ஆயிற்று. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. "சாமிக்கு முன்னால இப்பிடி நடந்தா ஆர் பொம்பிளை எடுப்பினம்?" என்று பெரியம்மா அழுதா. சனி எந்த வீட்டில், வியாழன் எந்த வீட்டில் என்று அக்காவின் சாதகத்தை வைத்து எல்லோரும் மல்லுக்கட்டினார்கள். ஒன்பது கிரகங்களையும் பார்த்தார்கள். ஐந்து விரல்களைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா குசினி மேசையில் தனியே உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முழங்கையை மேசையில் ஊன்றினார்.

"வாடா, கை மடக்குவம்."

அது எங்கள் வழக்கமான விளையாட்டு. ஒருநாளும் நான் வென்றதில்லை. அன்று தள்ளினேன், அவர் கை சாய்ந்தது. இன்னொரு தரமும் சாய்ந்தது.

"அளாப்பல்! வேணுமெண்டு விட்டுத் தாறியள்!" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். "கெட்டிக்காரன். நீ ஆரின்ரை பெடியன்?"

பகிடி என்றுதான் எடுத்தேன். "மட்டக்குளி மீன்காரன்ரை பெடியன்!"

பெரியப்பா சிரிக்கவில்லை. மெல்லத் தலையாட்டினார். "அப்பிடியோ. பொழுதுபடமுன்னம் வீட்டை போயிடு ராசா. அம்மா தேடுவா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதைச் சொன்னால் கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பரிகாரம் செய்து அக்காவின் கல்யாணத்தை ஒப்பேற்றினார்கள். பீடை கழிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டும், ஒழுங்காக ஒருதரம் என்னோடு கை மடக்கப் பெரியப்பா அதற்குப் பிறகு வரவேயில்லை.