படத்தில் நான் நிற்கும் இடம்

எங்கள் ஊர்ப் பெண்கள் நால்வர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழுவைப் பற்றி ஒரு படம் வந்திருக்கிறது. உண்மைக் கதை என்று போட்டுத்தான் தொடங்குகிறார்கள். அதில் ஒரு காட்சி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

படத்தின் முடிவில் பீச் ரோட்டை ஒட்டிய திடலில் நால்வரும் தங்கள் கடைசி நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணின் அப்பா, அதுவரை அவளைத் தடுத்துக்கொண்டே இருந்தவர், கூட்டத்துக்குப் பின்னால் கடலை வண்டி ஓரமாக வந்து நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மகள் அவரைப் பார்ப்பதில்லை. நிகழ்ச்சி முடியும் முன்பே போய்விடுகிறார். அந்தப் பெண் என் மகள். அந்த அப்பா நான். நான் அங்கே போகவே இல்லை.

மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கோயிலில் பாடகர் குழுவையும் பல வருடம் நடத்தினேன். மகளுக்குத் தாளம் வந்தது என் வழியாகத்தான். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கு எடுத்துப் போகும் பெரிய டிரம்மை எட்டு வயதில் அவள் தோளில் மாட்டிவிட்டேன். அவள் அடித்தால் வயதானவர்களும் நடை பிசகாமல் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

கல்லூரியில் மூன்று பெண்களோடு சேர்ந்து குழு தொடங்கினாள். திரேஸ்புரத்தில் ஓர் ஐஸ் பிளாண்டின் மாடியில் பழகினார்கள். பாடுகிற பெண் அந்தத் தெருக்காரி. அவளுடைய அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். பாட்டுகளை அவர்களே எழுதினார்கள். உப்பளத்தில் காலில் வெடிப்பு வந்த பெண்கள், துறைமுக வாசலில் வேலை கேட்டு நிற்பவர்கள் என்று ஏதேதோ. நான் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. மகள் மீன் வாடையோடு வீட்டுக்கு வருவாள். அவள் அம்மா முதலில் குளிக்கச் சொல்வாள். அந்த அளவில்தான் அது எங்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

பிறகு போஸ்டர் வந்தது. திடலில் அவர்கள் நடத்தவிருந்த முதல் பெரிய நிகழ்ச்சிக்கானது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உபதேசியாரின் மனைவி என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, போஸ்டர் பாத்தேன். பாப்பா நல்லாத்தான் இருக்கா. அந்தக் காலை மட்டும் கொஞ்சம் சேத்து வச்சு உக்காந்திருக்கலாம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். டிரம்ஸுக்கு முன்னால் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும். சேர்த்து வைத்தால் பெடலை மிதிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் போதும், பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளில் மாப்பிள்ளை பார்த்துவிட்டேன். எங்களிடம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் அறிவிப்பு வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். முதல் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதன் பிறகு பெண்ணை வெளியே அனுப்புவதில்லை. நிகழ்ச்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முதல் ஓலை வருமாறு பார்த்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் பெண்ணின் கையெழுத்து வேண்டும். அதை நானே போட்டேன். அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் சுலபமாக வந்தது. எங்கள் பாதிரியாரான ஐயர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களிடம் கேட்கமாட்டார்கள்.

ஓலை வாசிக்கும்போது மகள் பாடகர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கேட்டு மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"யாரு கையெழுத்துப்பா அது?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் பாப்பா."

"நான் அதக் கேக்கல. கையெழுத்து யாரு போட்டது?"

நான் வேதப்புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனேன். மத்தியானம், பாடுகிற பெண்ணின் அம்மா திரேஸ்புரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன் அண்ணாச்சி, எங்க கோயில்லயுந்தான் ஓலை வாசிக்காவ. ஓலை வாசிச்சா புள்ளைக்குக் கை வெளங்காமப் போயிருமா? ஏளா, குச்சிய எடுத்துட்டு வா. ஆட்டோ நிக்கி."

மகள் குச்சிகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. அதை நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் சத்தம் எழக்கூடாது என்று பார்த்தேன். அவர்கள் வந்தார்கள். பெண்ணுக்குத் தலைவலி, உள்ளே படுத்திருக்கிறாள் என்றேன். காப்பி கொடுத்தேன். அழைப்பிதழில் எந்த வசனம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். திடலின் சத்தம் எங்கள் வீடு இருக்கும் மில்லர்புரம் வரை வராது. வந்திருந்தால் சன்னலைச் சாத்தியிருப்பேன்.

மற்ற இரண்டு ஓலைகளும் வாசிக்கப்பட்டன. ஏன் ஒத்துக்கொண்டாள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த முதல் பெரிய நிகழ்ச்சியே கடைசியாகி, குழு நின்றது. கல்யாணம் நான்கு வருடம் தாங்கியது. அவள் கோயம்புத்தூரில் ஒரு வேலை தேடிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அம்மாவை அடக்கம் செய்ய வந்தவள், குழிக்கு அந்தப் பக்கம் நின்று மண் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். ஒன்பது வருடம் அவள் குரலை நான் கேட்கவில்லை.

பாடுகிற பெண் சென்னைக்குப் போய்ப் பெயர் வாங்கியவள். அவளிடம் கதை கேட்டுத்தான் படம் எடுத்தார்கள். உதவி இயக்குநரான ஓர் இளம்பெண் விவரம் சேகரிக்க என் வீட்டுக்கும் வந்தாள். மரியாதையான பெண். போனை ரெக்கார்டு போட்டு மேசையில் வைத்துவிட்டு, "அன்னைக்கு சாயங்காலம் நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியவில்லை. "போனேன்மா. பின்னாடி நின்னேன். யாருக்கும் தெரியாது" என்றேன். கடலை வண்டியையும் கண்ணாடியையும்கூட நான்தான் சொன்னேன். பொய் சொல்லும்போது விவரம் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கற்றது.

படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த என் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப் போனார். அந்தக் காட்சியில் கை தட்டினார்கள். அவர் என் தொடையில் ஓர் அடி வைத்தார்.

"ஏலே, நீ அழுதியாலே? வாத்தியாரு கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா ஊரே நம்பாதே!"

அடுத்த ஞாயிறு ஐயர் பிரசங்கத்தில், மனம் திரும்பிய ஒரு தகப்பன் நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் போன் வந்தது.

"அப்பா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"படம் பாத்தேன். நீங்க வந்தீங்களாப்பா? நெசமாவா?"

"வந்தேன் பாப்பா."

அவள் அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. இத்தன வருசம்... ஒரு வார்த்த." பிறகு பேசிக்கொண்டே போனாள். ஆபீஸ், வாடகை வீடு, முட்டி வலி. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாள். என் வாழ்நாளில் அதைப் போல ஓர் அரை மணி நேரம் வந்ததில்லை. அப்புறம் கேட்டாள்:

"கடைசிப் பாட்டு கேட்டீங்களா? இல்ல, முன்னாடியே போயிட்டீங்களா?"

போய்விட்டேன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். படத்திலேயே அப்படித்தானே இருக்கிறது. எனக்கு ஆசை விடவில்லை.

"கேட்டேன். நல்ல பாட்டு. அந்தக் கப்பல் பாட்டு."



"கப்பல் பாட்டு படத்துக்காக எழுதுனதுப்பா."

"பாப்பா..."

"நாங்க அன்னைக்குக் கடைசியாப் பாடுனது உங்க பாட்டு. சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு நீங்க எழுதுனீங்கல்லா, மீன்குஞ்சுப் பாட்டு. நாந்தான் பிடிவாதமா வைக்கச் சொன்னேன். ஒருவேளை நீங்க வந்துருவீங்களோன்னு."

"நான் வரல பாப்பா."

"ம். தெரிஞ்சுட்டு." பிறகு, "மாத்திரைய ஒழுங்காப் போடுங்க" என்றாள். போன் நின்றது.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. கிறிஸ்துமஸ் போய்விட்டது, அவள் வரவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா என்று உதவி இயக்குநரிடம் கேட்டேன். "சார், ஜனங்களுக்குப் படத்துலயே ரொம்பப் பிடிச்சது அதுதான்" என்றாள். ஐயரிடம் போய், நான் அன்று திடலுக்குப் போகவில்லை, கையெழுத்தும் நான் போட்டதுதான் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தாழ்மைதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார்.

மீன்குஞ்சுப் பாட்டு குழந்தைகள் ஆடிக்கொண்டே பாடுவதற்காக மெதுவாகப் போட்ட மெட்டு. அதை டிரம்ஸும் கிட்டாருமாக எப்படி எடுத்திருப்பார்கள்? மேசையில் தட்டிப் பார்க்கிறேன், வரவில்லை. போன வாரம் பஸ் பிடித்துத் திரேஸ்புரம் போனேன். பாடுகிற பெண்ணின் அம்மா வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று என் மகளோடு போனவர், கடைசி வரை இருந்தவர். அந்தப் பாட்டை எந்த வேகத்தில் பாடினார்கள் என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"நீங்கதான் அங்கன நின்னியளே அண்ணாச்சி. எங்கிட்ட வந்து கேக்கிய?"