கைக்குள் மூடிய பசை

நெருப்பெரிச்சல் சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் ஒல்லியான மனிதர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கேட்ட பொருளை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு கேள்வி கேட்பார்.

எங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசைப் பலகை விரிசல் விட்டு, விரிக்கிற துணியெல்லாம் அதில் சிக்கி ஓட்டையானது. வேலையை நிறுத்திவிட்டு, உடனே ஒட்டிக்கொள்ளும் பசை வாங்க ஓடினேன்.

"விரிசல் முடி கனமுங்களா, இல்ல நகம் உள்ள போகுதுங்களா?"

"முடி கனந்தாங்க."

"அப்பத் தண்ணியாட்ட இருக்கறதுதான் உள்ள எறங்கும். நகம் போச்சுன்னா கெட்டியா இருக்கோணும். தேக்குங்களா, வேம்புங்களா? எண்ணெ கிண்ணெ பட்டிருக்குதுங்களா?"

சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுமை போய், டியூபைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். விரிசல் ஒட்டிக்கொண்டது. வழிந்த பசையைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தேன். துணி புகைந்து விரலைச் சுட்டது.

கொப்புளத்தோடு அவர் முன் போய் நின்றேன். "பருத்தித் துணில பட்டாச் சூடாயிருமுங்க. அதைச் சொல்றதுக்குள்ள போயிட்டீங்க" என்றார்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"கடைசியாச் சொன்னாத்தானுங்க மனசுல நிக்கும்."

அந்தக் கடையில் கடைசிவரை நின்று கேட்டவர்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.