ஞாயிற்றுக்கிழமை வரை போட்ட டிக்

எங்கள் வீட்டு மத்தியானங்களை நான் பார்த்ததே இல்லை. மலேசியாவில், மாசாயில் ஒரு வரிசை வீடு எங்களுடையது. காலை ஏழு மணிக்கு நான் காரை எடுத்துக்கொண்டு ஸ்கூடாய்க்குப் புறப்பட்டால், திரும்பி வரும்போது தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். அப்பா அதற்கு வெகு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிருப்பார். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். நடுவில் உள்ள நேரம் முழுவதும் அம்மாவுடையது. வேலையிடத்தில் கணினித் திரையைப் பார்த்தபடியே அந்த நேரத்தை நான் கற்பனை செய்துகொள்வேன். மழை வந்து போயிருக்கும். கூடத்துத் தரையில் வெளிச்சம் தண்ணீர்போலப் படுத்திருக்கும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், மேலே மின்விசிறி சுற்றும். அதற்கு மேல் என் கற்பனைக்குப் போகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள். விளக்கு பொருத்திய பெரிய லென்ஸின் கீழே பச்சை நிற மின்சுற்றுப் பலகைகள் ஒவ்வொன்றாக வரும். பற்றவைத்த புள்ளிகளில் எது சரி, எது சரியில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசி வருடம் நல்ல பலகைகளின் மேலெல்லாம், சரியில்லை என்று, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினாள். லைன் லீடர் ஏனென்று கேட்டதற்கு, "எல்லாமே கொஞ்சம் அசையுது, நீங்க பாக்கலையா?" என்றாளாம். பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜொகூர் பாருவில் மருத்துவர் மூளையின் படங்களைத் திரையில் காட்டி, இது டிமென்ஷியா, சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் தேடிப் பார்த்தேன். முதுமை மறதி என்று இருந்தது. அம்மாவுக்கு நரைகூட முழுதாக வரவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

காலை வேளைகளில் அம்மா அம்மாவாகவே இருப்பாள். என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்வாள், அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துத் திட்டுவாள். மாலையில் நான் வரும்போதுதான், சில நாள், கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கணம் யோசிப்பாள், பேருந்தில் பார்த்துப் பழகிய முகம் ஒன்றைத் திடீரென்று வாசலில் கண்டதுபோல.

ஒருநாள் அடுப்பு எரியாமல் கேஸ் மட்டும் திறந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் வடக்கே பெக்கோக் என்ற சின்ன ஊரிலிருந்து சித்தி போன் செய்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்காவ இங்க கொண்டாந்து விடுங்க மாமா. நான் வீட்டுலதான இருக்கேன்."

அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "பெக்கோக்ல என்னா இருக்கு? ரயிலு வரும், ரயிலு போகும். அத எத்தன தடவ பாக்கறது?"

"பின்ன, கேஸத் தொறந்து போட்டுட்டுத் தனியா உக்காந்திருப்பியா?"

"ஒரு நாள் மறந்தேன்லா. நீ கல்யாணத்தன்னிக்கு மூக்குத்தியையே மறந்துட்டு மேடையேறினவதான?"

சித்தி சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்றேன். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "நீ வேலைய விட்டேன்னு வெச்சிக்க, அன்னிக்கே நான் பெக்கோக் போயிடுவேன். சும்மா சொல்லல."

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். "ஒரு மாசம் பாப்போம். ஒழுங்காப் போச்சின்னா இங்கயே இரு. இல்லன்னா தங்கச்சி வீடு. சரியா?"

"சரி. எழுதிக் குடுங்க" என்றாள் அம்மா.

எழுதுவது என் தொழில். ஸ்கூடாயில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஆலையில் நான் பொறியாளர். யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும், செய்து முடித்ததும் எங்கே டிக் போட வேண்டும் என்று எழுதித் தருவேன். அதேபோல அம்மாவுக்கு ஒரு செக் ஷீட் தயார் செய்தேன். காலை மாத்திரை, பசியாறல், கேஸ் அடைத்தாயிற்றா, கிரில் பூட்டியாயிற்றா, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு மகளுக்குப் போன், மத்தியான மாத்திரை, ஐந்து மணிக்குக் குளியல். குறுக்கே ஏழு நாள்களுக்கும் கட்டங்கள். அடியில் கையெழுத்து.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரிவிஷன் நம்பர் எங்க?"

எத்தனையாவது திருத்தம் என்ற அந்த எண் இல்லாமல் எந்த ஆலையிலும் தாள் இராது. போட்டுக் கொடுத்தேன்.

"பேனாவக் கயித்துல கட்டி வை. இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"யாரும்மா இங்க வந்து எடுக்கப் போறா?"

"எல்லா எடத்துலயும் இப்படித்தான் சொல்லுவாங்க."

இரண்டு வாரங்கள் தாள் நிறைந்துகொண்டே வந்தது. எந்தக் கட்டமும் காலியாக இல்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும், தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளின் முன் போய் நிற்பார். வியர்வையோடு அப்படியே நின்று படித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். நாங்கள் மூவரும் ஏதோ ஒரு லேசான காற்றில் மிதப்பதுபோல இருந்த நாள்கள் அவை. இப்படியே போய்விடும் என்று நம்பினேன். கட்டம் போட்டு எழுதினால் எதையும் நிறுத்தி வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு.

மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, ஒரு மணிக்குப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்து, "யாரு?" என்றாள். நான் என்றதும், "துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். வெளியே இடி இடிக்கும் சத்தம் போனில் எனக்குக் கேட்டது.

மாலையில் வந்து தாளைப் பார்த்தேன். போன் செய்ததற்கு எதிரே டிக் இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்திலும் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு வரை எல்லாக் கட்டங்களிலும். ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒவ்வொன்றும் கட்டத்தின் நட்டநடுவில். கீழே அம்மாவின் கையெழுத்து, ஒரு நடுக்கமும் இல்லாமல். இன்னும் வராத நாள்கள் நிறைந்து கிடந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

இது எனக்குத் தெரியாத விஷயமே அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் லைனில் ஓர் அக்கா ஷிப்ட் தொடங்கும்போதே அன்றைய தாள் முழுவதையும் டிக் போட்டு முடித்துவிடுவதைக் கண்டுபிடித்து மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். "நீங்க எழுதறீங்க மிஸ், நாங்க போடறோம். போடலன்னாதான் சத்தம் வருது" என்றாள் அந்த அக்கா. வீட்டில் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். புதிதாக ஒன்று அச்செடுத்தேன். திங்கள் முதல் புதன் வரை, அம்மாவின் சாய்விலேயே, நானே டிக் போட்டேன். அம்மா கூடத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை என்னைத் தாண்டி எங்கோ இருந்தது. அப்பா வந்தார், தாளின் முன் நின்றார், தலையை ஆட்டினார்.

அடுத்த நாள்கள் எப்படிப் போயின என்று சரியாக நினைவில்லை. வேலையிடத்தில் யாராவது ஒரு பதிவேட்டை நீட்டினால் கை கூசியது. மறுவாரத் திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். "இன்னிக்கு நான் வீட்டுலதாம்மா" என்றேன்.

"என்னா, ஆடிட்டா?" என்று சிரித்தாள்.

காலை முழுவதும் தாளில் உள்ளபடியே நடந்தது. மாத்திரை, இட்லி, கேஸ். துணி மடிக்கும்போது சட்டை ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, தையலைப் பார்த்து, "ஓகே" என்று அடுக்கினாள். நண்பகலுக்குப் பிறகு வானம் கறுத்து மழை கொட்டியது. சாப்பிட்டோம். மழை விட்டதும் தெருவே ஒருவிதப் பச்சை வெளிச்சத்தில் முங்கியதுபோல இருந்தது. தொழிற்சாலைப் பக்கத்து வாடை மெல்ல உள்ளே வந்தது. எனக்குக் கண் சொருகியது. நிமிர்ந்து பார்த்தபோது அம்மா நேராக உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதையான முகத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"மேடம் எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

விளையாடுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து சோதனைக்கு வருபவர்களை அவள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

"ஸ்கூடாய்லேர்ந்து" என்றேன்.

"அப்படியா! என் மகளும் அங்கதான். இஞ்சினியர்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஷீட்டப் பாத்தீங்கதான? அவ எழுதினது. அதுல ஒரு தப்பும் இல்ல. அவ மேல எழுதிடாதீங்க மேடம்."

"அப்புறம் யாரு மேல?"

"நாந்தான் முன்னாடியே போட்டு வெச்சிடறேன். காலையில நல்லா இருப்பேன். அப்பவே போட்டுடணும். மத்தியானம் ஆச்சின்னா பேனா எதுக்குன்னே தெரியாது." வெட்கத்தோடு சிரித்தாள். "கட்டம் காலியா இருந்தா புள்ள பயந்துடும்."

 ஆடிட்டர் கேட்கக்கூடிய குரலிலேயே கேட்டேன். "உங்களுக்குப் பயமா இருக்கா?"

அம்மா யோசித்தாள். வாசலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் மட்டும்" என்றாள். "வீடு பெருசா ஆயிடுது மேடம். எந்தக் கதவு எங்க போகுதுன்னு தெரியாது. அதனால இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேன். யாராச்சும் வர்ற வரைக்கும் இங்கயே இருப்பேன்." என் பக்கம் குனிந்து, "இதெல்லாம் ரிப்போட்ல வருமா?" என்று கேட்டாள்.

"வரும்மா" என்றேன். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"சரி. உண்மைதான" என்றாள். என் கையை ஒரு முறை தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று அப்பா வந்ததும் பையிலிருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன். நான் போட்ட டிக்குகளையும் சொன்னேன். அப்பா நெடுநேரம் அதைப் பார்த்தார். "எங்க பட்டறையில நான் பாதுகாப்பு ஷீட்ட திங்கக்கெழமையே வாரம் முழுக்கப் போட்டுடுவேன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார் போலிருக்கிறது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து குளியலறைக்குள் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் அப்பாவும் நானும் வேலைக்குப் போகவில்லை. காலையில், அம்மா தெளிவாக இருந்தபோது, மூவரும் பசியாற உட்கார்ந்தோம். அவளுக்குத் தெரியாமல் முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

"மத்தியானத்துல பயமா இருக்குன்னு நீதாம்மா சொன்ன."

"யாருகிட்ட சொன்னேன்? நான் சொல்லல." தட்டைத் தள்ளினாள். "ஒரு மாசம்னு பேசினோம். இன்னும் எட்டு நாள் பாக்கி இருக்கு. இஞ்சினியர்னா சொன்ன வார்த்தையில நிக்கணும்."

"நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு சொன்ன."

அம்மாவின் கை மேசைமேல் நின்றது. அதை நான் எப்படி அறிந்தேன் என்று அவள் என் முகத்தில் தேடினாள். அப்பா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்தத் தேடல் முடிந்துவிட்டால் அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் பாத்திரங்களைக் கழுவினாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கவிழ்த்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"பெக்கோக்ல மத்தியானம் யாரு இருப்பா?"

"சித்தி இருப்பாங்க. எங்கயும் போக மாட்டாங்க."

"அவ தூங்கிடுவா."

"தூங்க வேணாம்னு சொல்லிடறேன்."

"தூங்கட்டும். பக்கத்துல தூங்கினாப் போதும்" என்றாள். "சனி ஞாயிறு நீங்க வரணும். ரெண்டு பேரும்."

சனிக்கிழமை அழைத்துப் போனோம். குளுவாங் தாண்டியதும் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஒரே மாதிரியான வரிசைகள் திறந்து மூடி, திறந்து மூடிப் போயின. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். சித்தி வீட்டில் மீன் குழம்பு வைத்திருந்தாள். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும், தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா?" என்றாள் சித்தி.

"பஸ்ஸு வந்துரும். இன்னிக்கு எனக்கு மத்தியான ஷிப்டு."

அப்பா பாதி எழுந்தார். நானும் எழுந்தேன். தொழிற்சாலை வாசலைக்கூட மிதிக்காத சித்தி எங்கள் இருவரையும் பார்த்துக் கையமர்த்தினாள். "இரு, இரு, நானும் வரேன். என் செருப்ப எங்க போட்டேன்..."

குடையை எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். நாங்கள் கதவருகே நின்று பார்த்தோம். தெருமுனையில் ஒரு மாமரத்தின் கீழே போய் நின்றார்கள். வெயில் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. பேருந்து எதுவும் வரவில்லை. அந்தத் தெருவில் எந்தப் பேருந்தும் வருவதில்லை. சித்தி ஏதோ சொன்னாள், அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். கால் மணி நேரம் இருக்கும். பிறகு இருவரும் பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"பஸ்ஸு கெட்டுப் போச்சி போல, வரல" என்றாள் அம்மா எங்களிடம்.

"நாளைக்கிப் போயிப் பாப்போம்லா" என்றாள் சித்தி.

அப்பா கார்ச் சாவியை எடுத்தார். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே அடுக்களையில், குழம்பில் புளி அதிகமா இல்லையா என்று அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். போய்ட்டு வரேம்மா என்று இரண்டு முறை சொன்னேன். சண்டை அவ்வளவு சத்தமாக இருந்தது, அவளுக்குக் கேட்கவில்லை.