மூன்றும் ஏழும்

என் அப்பா பத்து நாள் பெரியப்பாவின் கிணற்று மோட்டாரை ஓட்டினார். ஓட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டமும் பெரியப்பாவின் தோட்டமும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு வண்டித்தடம். அது யாருக்குச் சேர்ந்தது என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த பெரியப்பா மகளோடு நான் பள்ளிக்கூட பஸ்ஸில் மட்டும் பேசலாம். இறங்கிவிட்டால் அவள் வேறு வீட்டுப் பிள்ளை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன்.

அந்த வருடம் அப்பா நாமக்கல்லில் ஒரு கடையிலிருந்து மோட்டாருக்கு ரிமோட் வாங்கி வந்தார். மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் போதும். வாசலில் நின்றே பொத்தானை அழுத்தி மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அதே வாரம் பெரியப்பாவும் அதே கடையில் அதையே வாங்கினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கியதாக இரண்டு பேருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாளே தடத்துக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

“எவன்டா என்ர மோட்டார நிறுத்துனது?”

“என்ர மோட்டாரே தானா ஓடுதுங்க! உங்களுத நான் எதுக்குங்க நிறுத்தறேன்?” என்றார் அப்பா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். சண்டைதான் என்றாலும் தினமும் பேசினார்கள். தொண்டை வலித்தபோது பெரியப்பா தன் மகளை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளை, தூது அனுப்பினார். “சித்தப்பா, அப்பா நிறுத்தச் சொன்னாருங்க” என்று மூச்சிரைக்க வந்து சொல்லிவிட்டு, உடனே திரும்ப மனமில்லாமல் அவள் என்னோடு பாண்டி ஆடினாள். அம்மா அவளுக்குக் கடலை வறுத்துக் கொடுத்தாள். எனக்கு அந்தப் பத்து நாளும் ஊர் நோம்பி மாதிரி கொண்டாட்டமாக இருந்தது.

பதினோராம் நாள் கடையிலிருந்து மெக்கானிக் வந்து கெடுத்தார். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பச்சைப் பலகையைக் காட்டினார். அதில் அரிசி அளவுக்கு எட்டு வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் கீழே பார்த்திருந்தன.

“ரெண்டு ஊட்டுதும் ஒரே மாதிரி இருக்குதுங்க. அதான் இந்த ரிமோட்டு சொல்றத அந்த மோட்டாரும் கேக்குது.”

பெரியப்பாவின் பெட்டியிலும் ரிமோட்டிலும் மூன்றாவதையும் ஏழாவதையும் ஊக்கு முனையால் மேலே தள்ளினார். தீர்ந்தது. அன்றோடு பேச்சும் நின்றது. அக்காவும் வரவில்லை.

நான் நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம், அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டின் மூடியைத் தள்ளி, மூன்றையும் ஏழையும் மேலே ஏற்றினேன். பிறகு கொட்டகைக்குப் போய் எங்கள் பெட்டியிலும் ஏற்றினேன். அந்தப் பெட்டிக்குள் கை விட்டபோது கரண்ட் வந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெரியப்பா அன்று காலைதான் வெங்காயம் பிடுங்கிக் காட்டிலேயே காயப் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பிடுங்க வசதியாக மண் இளகட்டும் என்று முன்பு தண்ணீர் விட்டபோது திறந்த மடை அப்படியே கிடந்தது. அவர் சாக்கு வாங்க நாமக்கல் போயிருந்தார். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. அப்பா எழுந்து பொத்தானை அழுத்திவிட்டு முகம் கழுவப் போனார்.

சற்று நேரத்தில் அக்கா ஓடி வந்தாள். இந்த முறை விளையாட்டு முகம் இல்லை. “சித்தப்பா, வெங்காயக் காட்டுல தண்ணி பாயுதுங்க!”

அப்பா நிறுத்தினார். முகத்தைத் துடைக்காமலே ஓடினார். இரண்டு வருடமாகக் கால் வைக்காத தடத்தை ஒரே ஓட்டமாகத் தாண்டினார். அம்மா கூடைகளோடு பின்னால் போனாள். பெரியம்மா அழுதுகொண்டே சேற்றிலிருந்து வெங்காயத்தை அள்ள, அம்மா அவள் கையிலிருந்து வாங்கி வாங்கிக் களத்துக்குச் சுமந்தாள். நானும் அள்ளினேன். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். காட்டைப் பார்த்தார், குனிந்து அள்ளிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் குனிந்தார். இருட்டும்வரை எல்லோரும் அள்ளினோம். அப்படியும் பாதி வெங்காயம், சேர்த்து வைக்கும் பட்டறைக்குப் போகாமலே அழுகியது.

மறுநாள் காலையில் பெரியப்பா எங்கள் கொட்டகைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, மேலே ஏறியிருந்த இரண்டு சுவிட்சுகளையும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என்னவோ கணக்குப் பாடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“அன்னிக்கி மெக்கானிக்கு எந்த ரெண்ட ஏத்துனாப்டி, ஞாபகம் இருக்குதா சாமி?”

“மூணும் ஏழுமுங்க பெரீப்பா” என்றேன் சட்டென்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அழுதுவிட்டேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். வெளியே நின்ற அப்பாவிடம், “எலி கிலி ஓடியிருக்குமாட்ட இருக்குதுடா தம்பி” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். “ஆமாங்ணா, எலி ரொம்பத்தான் ஆயிப்போச்சு” என்றார்.

பெரியப்பா சுவிட்சுகளைத் தொடாமல் பெட்டியை அப்படியே மூடினார்.

அதன்பின் அந்த ரிமோட்டுகள் உழைத்த காலம் வரைக்கும், பொத்தானை அழுத்துவதற்கு முன் அப்பா தடத்து ஓரம் வரை நடந்துபோய், “அண்ணா, போடட்டுங்களா?” என்று கத்துவார். “இரு, மடைய அடைச்சுட்டு வாரேன்” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். சில நாள் அந்தக் குரலோடு பெரியப்பாவும் வந்து அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுப் போவார். வாசலில் இருந்தபடியே மோட்டார் போடுவதற்கு வாங்கிய சாமானுக்காக இரண்டு பேரும் இப்படி நடையாய் நடக்கிறார்களே என்று எனக்குப் பாவமாக இருந்தது. மாற்றத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, ஒருநாள் பெரியப்பாவிடம் போய், நானே அந்த இரண்டையும் கீழே இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாஞ் சாமி, இருக்கட்டும்” என்றார் அவசரமாக.

என்மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவேயில்லை.