விரலில் ஒட்டிய சந்தனம்

அந்த எலக்ட்ரீஷியன் பாயின் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். ஒல்லி உடம்பு, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. எந்த வயரையும் தொடும் முன் கார் பானெட்டில் காதை வைத்துக் கேட்பார்.

திருநகர் முதலாளியின் அம்பாசிடரில் ஏ.சி. ஓடவில்லை. என் பட்டறையில் இரண்டு நாள் தேடியும் எனக்குப் பிடிபடாததால், முதலாளி அவரைக் கூட்டிவந்தார்.

காதை வைத்தார். "கம்ப்ரசருக்குக் கரண்டே போகலையே," என்றபடி, நான் பார்த்து மாட்டிய ஃபியூஸையே கழற்றினார். அதைப் பிடித்திருந்த கிளிப்புக்குள் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்கு ஃபியூஸ் பெட்டியில் நான் அப்பியது. சுரண்டி எடுத்ததும் ஏ.சி. ஓடியது.

"என்ன பாய் கோளாறு?" என்றார் முதலாளி.

"தூசி மொதலாளி, அம்புட்டுத்தான்," என்று விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

அவர் திறமையைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். என் மானத்தைக் காக்க அவர் சொன்ன அந்தத் தூசியைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.